அரை மணித்தியாலம் யாருடைய கணக்கில்?

2025 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் சுன்னாகத்துக்கு அண்மையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டமொன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். வருகிற தை மாதம் முதல் பாடசாலை 1.30 மணிக்குப் பதிலாக 2.00 மணிக்கே முடியும் என்று அதிபர் அறிவித்தார். அதற்கான காரணங்களையும் பொறுமையாக விளக்கினார். பாடவேளைகள் நீளும், பிள்ளைகள் அவசரமின்றிக் கற்பார்கள், செய்முறை வேலைகளுக்கு நேரம் கிடைக்கும் என்றார். சபை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த தாயொருவர் எழுந்து, "சேர், ஒண்டரை பஸ்ஸும் இனி ரெண்டு மணிக்கே வெளிக்கிடும்?" என்று கேட்டார். அதிபர் சிரித்தார், சபையும் சிரித்தது. பதில் மட்டும் வரவில்லை.

அதிபரை நாம் குறை கூறவில்லை. பாடசாலை மணியை ஓர் அமைச்சு அடிக்கிறது, பஸ்ஸை வேறோர் இடத்திலிருந்து விடுகிறார்கள், அந்தப் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்குச் சோறு வைக்கிற தாயை எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எமது மனதை விட்டு நீங்காதபடியால்தான் இக்கட்டுரையை எழுத முனைந்தோம்.

நடந்ததைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் கலாநிதி ஹரினி அமரசூரிய 2025 இல் முன்வைத்த கல்விச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாக, தரம் 5 முதல் 13 வரையான வகுப்புகளைக் காலை 7.30 முதல் பிற்பகல் 2.00 மணி வரை நடத்துவதென அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பணிப்பகிஷ்கரிப்புப் பற்றியும் பேசின. இதற்கிடையில் அவ்வாண்டு கார்த்திகை இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. வீதிகளும் பாலங்களும் உடைந்தன. அதன் பின்னர் 2026 இலும் பாடசாலை 1.30 மணிக்கே முடியும் என அமைச்சு அறிவித்தது. ஆகவே பேச்சு முடிந்துவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. புயலுக்காகப் பின்போடப்பட்ட காரியம் வெயில் எறித்ததும் திரும்பி வரும். அது திரும்பி வரும்போது என்ன சொல்வதென்று தோட்டக்காரக் குடும்பங்களாகிய எம்மவர் இப்போதே பேசி வைத்திருப்பது நல்லது.

எமது வாசகர்களில் பெரும்பாலோர் 1990 யூனில் மீண்டும் மூண்ட போரோடு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், அன்றேல் அவர்களது பிள்ளைகள். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் பிறந்து வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்தவர்களும் இதனை வாசிக்கிறார்கள். சிலருக்குக் காணி முழுவதும் திரும்பக் கிடைத்தது. சிலருக்கு வீட்டுக் காணி கிடைத்தது, தோட்டக் காணி வேலிக்கு உள்ளே நின்றுவிட்டது. சிலருக்கு இரண்டும் இல்லை. இதனால் எம்மிடையே ஒரு புதிய வாழ்க்கை முறை உண்டாகியிருக்கிறது. வீடு ஓரிடம், தோட்டம் இன்னோரிடம், பிள்ளையின் பாடசாலை மூன்றாவது இடம். மயிலிட்டிக்கோ கட்டுவனுக்கோ திரும்பிப் போன குடும்பம், அங்குள்ள பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாது என்று எண்ணி, பிள்ளையைச் சுன்னாகப் பக்கத்துப் பாடசாலையிலேயே விட்டு வைத்திருக்கிறது. சுன்னாகத்தில் தங்கிவிட்ட குடும்பமோ, தகப்பன் விடியப் புறம் சைக்கிளில் ஊருக்குப் போய்த் தோட்டம் செய்து திரும்புகிறது.

அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒன்றின் நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காலை 6.30 மணிக்கு வெளிக்கிடுகிறது. வயிற்றில் பாணும் பிளேன்ரீயும். பாடசாலை இடைவேளையில் கொண்டுபோன சிறு பொதியைச் சாப்பிடுகிறது. 1.30 மணிக்கு மணியடித்து, சந்தியில் நின்று, நெரிசலான பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்து வீடு சேர 2.30 அல்லது 2.45 ஆகிறது. சோறு அப்போதுதான். 2.00 மணிக்கு மணியடித்தால் அரை மணிதான் பிந்தும் என்று கொழும்பில் கணக்குப் பார்க்கலாம். எமது ஊர்ப் பாதைகளில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு அடுத்த பஸ் எப்போது என்பது அவரவருக்குத் தெரியும். அரை மணி ஒரு மணியாகும். சில நாட்களில் ஒன்றரை மணியாகும். பலாலி வீதியின் வசாவிளான் பக்கத்துத் துண்டு 35 ஆண்டுகளின் பின் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே போகலாம், நடந்து போகக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் திறக்கப்பட்டது. வீதியே மணி பார்த்துத் திறந்து மூடிய ஊரில் பாடசாலை மணியை மட்டும் தனியாக நகர்த்த முடியாது. பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இதனைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள்.

பின்னேரம் என்றொன்று எமது வீடுகளில் இருக்கிறது. அது விளையாட்டு நேரம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். செம்மண் தோட்டத்தில் அது இறைப்பு நேரம். வெங்காயத்துக்கு மூன்று நாலு நாளுக்கொரு தடவை தண்ணீர் வேண்டும். ஒருவர் பம்மைப் பார்க்க, ஒருவர் பாத்தி மாற வேண்டும். குத்தகைத் தறையில் செய்பவர் அதற்கென்று கூலிக்கு ஆள் பிடித்தால் மிஞ்சுவது கூலிக்கே போய்விடும். எனவே அந்த வேலை பிள்ளையின் வேலை. ஆட்டுக்குக் குழை ஒடிப்பதும் பிள்ளையின் வேலை. இதனை வெறும் சிறுவர் உழைப்பு என்று பெயரிட்டுக் கண்டிக்க நாம் தயாராக இல்லை. தகப்பனோடு பாத்தி மாறிய பிள்ளைக்குத் தண்ணீரின் அருமை தெரியும். அது எந்தப் பாடவேளையிலும் கிடைக்காத கல்வி.

இவ்வளவும் சொன்னதால் நாம் நீண்ட பாடசாலை நாளுக்கு எதிரானவர்கள் என்று வாசகர் முடிவு கட்டிவிடக்கூடாது. உண்மையில் எமது எண்ணம் மறுபக்கமாகச் சாய்கிறது. அதற்குக் காரணம் எமது சொந்த அனுபவம்.

இடம்பெயர்ந்த பாடசாலைகள் பல, இடம் தந்த பாடசாலைகளின் கட்டடங்களில் பின்னேர வேளையில் இயங்கிய காலத்தில் நாம் மாணவராயிருந்தோம். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியேற, வாசலில் நின்ற நாம் உள்ளே போவோம். அவர்களது வாங்குகளின் சூடு ஆறியிராது. கரும்பலகையில் அவர்களது கணக்கு அழியாமல் இருக்கும். பாடவேளை குறுகியது, பொழுது சாய்ந்தால் வகுப்பு இருளும். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அருந்தல். வீட்டுக்கு வந்து ஜாம் போத்தல் விளக்கில் எழுதினால், அந்த விளக்கைச் சமையலுக்குத் தா என்று அம்மா கேட்பார். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன பின், அதுவும் இல்லாமற் போனது. அன்றைக்கு எமக்கு இன்னும் அரை மணி தரப்பட்டிருந்தால் அதனை இரு கை நீட்டி வாங்கியிருப்போம். பாடசாலை நேரம் குறைந்தால் என்ன நேரும் என்பதை எம் தலைமுறை க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றில் கண்டது.

முகாம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஓர் அறை, ஒரு விறாந்தை. ஒரு மூலையில் தொலைக்காட்சி, ஒரு மூலையில் குழந்தை, நடுவில் அடுப்புப் புகை. உயர்தர வகுப்புப் பிள்ளை எங்கே இருந்து படிப்பது? மேசை உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலை 1.30 மணிக்கு முடிந்தால் படிப்புத் தொடங்குகிறது. மேசை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு 1.30 மணியோடு படிப்பு முடிகிறது. நீண்ட பாடசாலை நாள் யாருக்கு அதிகம் உதவும் என்று கேட்டால், அது இந்த இரண்டாவது பிள்ளைக்குத்தான்.

இனித் தனியார் கல்வி நிலையங்களின் பக்கம் வருவோம். பாடசாலை 2 மணிவரை வேண்டாம், பிள்ளை களைத்துவிடும் என்று சொல்லும் அதே பெற்றோர், பிற்பகல் 3 மணிக்கு அதே பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே தகரக் கொட்டகையின் கீழ் நெருக்கியடித்து இருந்து 6 மணிவரை குறிப்பு எழுதுகிறது. களைப்பு அங்கே வராதா? வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் அந்த வகுப்புகளை நிறுத்தும்படி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தடவை பேசியாயிற்று. கோயில்காரரும் பேசினர், நாமும் பேசினோம். பலன் எவ்வளவு என்பது ஞாயிறு காலையில் சுன்னாகம் சந்தியில் நின்றால் தெரியும். ரியூசன் ஆசிரியர்களை நாம் பழிக்கவில்லை. அவர்களில் திறமையானோர் உண்டு. ஆனால் சந்தையில் வெங்காயத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு கொடுத்து, மிச்சத்தில் உரக்காசு கொடுத்து, அதன் பின்னர் மிஞ்சியதில் நாலு பாடத்துக்கு மாதக் கட்டணம் கொடுக்கிற தகப்பனின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, பாடசாலைக்குள்ளேயே பணம் கேட்காத ஒரு பின்னேரம் இருந்தால் எவ்வளவு நன்மை என்றே எமக்குத் தோன்றுகிறது. இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பிற்பகல் 3 மணிக்குப் பின் அது எமது ஊரில் இலவசமாக இல்லை.

அப்படியானால் 2 மணிக்கு ஆம் என்று சொல்லிவிடலாமே? இல்லை. 2 மணி என்பது இரண்டுங்கெட்டான் நேரம். பிள்ளை வீட்டில் வந்து சாப்பிட அது பிந்திய நேரம். ரியூசனை விட்டுவிட அது போதாத நேரம். ஆண்டுக்கு இருநூறு நாள் பாடசாலை நடக்கிறதென்று வைத்தால், நூறு மணித்தியாலம் கூடுகிறது. அந்த நூறு மணித்தியாலமும் ஒரு நாளின் மிகவும் பசியான அரை மணிகளாகப் பிரிந்து கிடக்கும். பசித்த பிள்ளைக்குக் கடைசிப் பாடம் என்ன பாடம் என்றே விளங்காது. நாம் குருமடத்தில் இருந்த காலத்தில் விடியற்காலை முதல் இரவு வரை மணியடித்தபடிதான் இருந்தது. நீண்ட நாள்தான், ஆனால் அந்த மணிகளில் மூன்று சாப்பாட்டு மணி. அதனால் தாங்கினோம்.

சாப்பாடு என்ற பேச்சில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுக்கே உரியது. நேரத்தைக் கூட்ட இருந்ததோ தரம் 5 முதல் 13 வரைக்கு. அதாவது கூடுதல் நேரம் இருக்க வேண்டிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகள். வளர்கிற வயதில் உள்ளவர்கள் அவர்கள்தான். எமது பேரன்மார் காலத்தில் பாடசாலை காலையும் பின்னேரமுமாக இருவேளை நடந்தது என்று முதியவர்கள் சொல்வார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்று திரும்பிப் போவார்களாம். பாடசாலையில் பணிஸ் தந்த காலத்தையும் சொல்வார்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது, பாடசாலை ஊருக்குள் இருந்தது. ஆகவே நீண்ட நாள் உறுத்தவில்லை. இடப்பெயர்வு அந்தத் தூரத்தைத்தான் எம்மிடமிருந்து பறித்தது. அதனைத் திருப்பித் தராமல் நேரத்தை மட்டும் நீட்டுவது, வாய்க்கால் வெட்டாமல் பம்மை முடுக்குவது போன்றது.

தண்ணீரையும் மலசலகூடத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2014, 2015 இல் சுன்னாகச் சூழலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருக்கும் பிரச்சினை பெரிதாக எழுந்தபோது, பவுசர் வரும்வரை பிள்ளைகள் போத்தலோடு காத்திருந்தார்கள். ஆறு மணித்தியாலத்தைத் தாகத்தை அடக்கிக் கழிக்கும் பெண்பிள்ளைகள் எமது பாடசாலைகளில் இன்றும் உண்டு. காரணம் கூடத்தின் கதவில் கொளுக்கி இல்லை. இதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை; ஒரு தச்சன் போதும்.

பிற நாடுகளில் இதனை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில், எமது இடம்பெயர்ந்த பாடசாலைகளைப் போலவே, ஒரே கட்டடத்தில் காலை ஒரு கூட்டமும் பின்னேரம் இன்னொரு கூட்டமுமாகப் பிள்ளைகள் படித்து வந்தார்கள். 1997 இல் அங்கே முழுநாட் பாடசாலைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்காகப் புதிய வகுப்பறைகளைக் கட்டினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தார்கள். ஆண்டுக் கணக்கில் சிறிது சிறிதாகச் செய்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், பரீட்சைப் புள்ளிகளில் ஏற்பட்ட உயர்வு சிறிது. ஆனால் வளரிளம் பெண்கள் தாயாகிவிடும் நிலையும் இளைஞர் குற்றச்செயல்களும் குறைந்தன என்பது. போதைப்பொருளும் வாள்வெட்டும் பற்றி நாளும் பேசுகின்ற யாழ்ப்பாணப் பெற்றோர் இந்தச் செய்தியைச் சற்று நின்று கேட்கலாம். ஜேர்மனியில் எம்மவர் பலர் வாழ்கிறார்கள். அங்கே பிள்ளைகள் மத்தியானத்தோடு வீடு திரும்புவதே நெடுநாள் வழக்கம். 2001 இல் வெளிவந்த பன்னாட்டுப் பரீட்சையொன்றின் பெறுபேறு அவர்களைத் தலைகுனிய வைத்தது. 2003 முதல் 400 கோடி யூரோவை ஒதுக்கி, பாடசாலைகளில் சாப்பாட்டறையும் பின்னேரச் செயற்பாடுகளுக்கான இடமும் கட்டினார்கள். ஆனால் அதே நாட்டில், உயர் பாடசாலைக் காலத்தை ஓராண்டு சுருக்கி அன்றாட நேரத்தை நீட்டியபோது பெற்றோர் எதிர்த்தார்கள். பல மாநிலங்கள் பழைய முறைக்கே திரும்பின. பாடம் நிறைந்த நீண்ட நாளைப் பெற்றோர் விரும்பவில்லை. சாப்பாடும் விளையாட்டும் படிப்புதவியும் உள்ள நீண்ட நாளை விரும்பினார்கள்.

எமது அபிப்பிராயத்தைத் திறந்து சொல்கிறோம். அரை மணி நேரத்தை எல்லாருக்கும் கட்டாயமாக ஒட்டுவதை எம்மவர் ஏற்கக்கூடாது. அதற்குப் பதிலாக, 1.30 மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளை 1.30 மணிக்கே போகட்டும். இருக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு நேரச் சோறும், அதன் பின் 4 மணிவரை ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் படிப்பதற்கு மேசையும் கதிரையும் கிடைக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் போதும். சோற்றுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தோட்டக்காரர் ஊரில் இந்தக் கேள்வி எமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. சுன்னாகம் சந்தையில் விலை விழுந்த நாளில் பூசணியும் கத்தரியும் என்னவாகிறது என்பதை எமது வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அரிசியும் அடுப்பும் ஆசிரியருக்கான கொடுப்பனவும் அரசின் பொறுப்பு. அதனை விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும். கறிக்கு நாம் இருக்கிறோம்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் பஸ்ஸில் வருகிறவர்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கொடுப்பனவு கேட்பது பேராசை அல்ல. கூலி உயர்வு கேட்கும் தோட்டத் தொழிலாளிக்கு நாம் சொல்லும் நியாயம் அவர்களுக்கும் பொருந்தும்.

எம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. வெங்காயம் நடுகிற வாரத்திலும் கிண்டுகிற வாரத்திலும் எமது வகுப்பறைகளில் எத்தனை கதிரைகள் வெறுமையாகின்றன என்பதை வரவுப் பதிவேடு சொல்லும். அரை மணிக்காக வாதாடுகிற நாம் முழு நாளையே எடுத்துவிடுகிறோம். பாத்தி மாறுவது கல்வி என்று மேலே எழுதினோம். அதில் இன்னும் நிற்கிறோம். பாடசாலை விட்டு வந்த பிள்ளை பாத்தி மாறட்டும். பாடசாலைக்குப் போகாத பிள்ளை மாறினால் அது வேறு கணக்கு. "சுவாமி, உங்களுக்கென்ன, தோட்டமோ இருக்குது?" என்று ஒருவர் எம்மைக் கேட்டார். இல்லைத்தான். எமது தகப்பனாருக்கு இருந்தது. அவரும் எம்மை மறித்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நடந்த அட்சரகணிதம் எமக்கு இன்றும் சரியாக வராது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. கூட்டத்துக்குத் தாய்மார் வருகிறார்கள், முன்வரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள். இம்முறை பஸ் கேள்வியைக் கேட்ட அந்தத் தாயை முன்வரிசையில் இருத்தும்படி சிலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். பஸ் சாலைக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவரே சொல்ல, உயர்தரம் படிக்கும் மகள் எழுதுவதாக ஏற்பாடு. அதிபரிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம்: அடுத்த கூட்டத்தை இறைப்பு நேரத்தில் வைக்க வேண்டாம்.